ஐந்தாவது கட்டம்

புயல் காப்பகத்தின் சாவி
தடைக்காலம் தொடங்கிய மறுநாள் என் கைக்கு வந்தது.
தெற்குவாடியில் பி.காம். முடித்துச் சும்மா இருப்பவள்
நான் ஒருத்திதானாம்.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு, வந்தால் உண்டு.

இராமநாதபுரத்திலிருந்து வந்த பதிவேட்டில்
கோடைப் பயிற்சிக்கு ஐந்து கட்டம் அச்சடித்திருந்தது.
சிலம்பம். சதுரங்கம். கேரம். ஓவியம்.
ஐந்தாவது, இதர.

முதல் வாரமே கேரம் பலகையைத்
தகப்பன்மார் பிடித்துக்கொண்டார்கள்.
விசைப்படகு கரையில் நிற்கிறது, அவர்கள்தான் எங்கே போவார்கள்.
இன்னாசி மாமா சிவப்புக்காயைக் குறிபார்க்க
மகன் ரீகன் பவுடர் டப்பாவோடு பின்னால் நிற்பான்.
"பதினெட்டு வயசுக்குள்ள இருக்கவங்களுக்குத்தான், மாமா."
"இந்த ஒரு போர்டு முடியட்டும்மா."
அந்த ஒரு போர்டு முடிய ஒன்பது நாள் ஆனது.

சிலம்ப மாஸ்டர் உச்சிப்புளிக்காரர்.
கம்பு பட்டு மின்விசிறியின் ஓர் இறக்கை வளைந்தது.
அன்றிலிருந்து அது சுற்றினால்
யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம்.
வகுப்பு மணலுக்குப் போனது.
நஸ்ரினுக்கு வீச்சு சுத்தம் என்றார் மாஸ்டர்.
அவளைக் கூப்பிட வந்த அம்மா
மதிலோரம் நின்றாள்,
கடைசிவரை கூப்பிடவில்லை.

முனியராஜுக்குப் பூ வரையச் சொன்னாலும் படகு,
பழம் என்றாலும் படகு.
முகப்பில் பதிவு எண் ஓர் இலக்கம் பிசகாது.
அந்தப் படகு தை மாதத்திலிருந்து
காரைநகரில் கட்டிக் கிடக்கிறது. அப்பா மட்டும் திரும்பினார்.
கடலுக்கு அவன் வண்ணம் தீட்டுவதில்லை.
நீலம் தீர்ந்துபோச்சா என்று கேட்டேன்.
"இருக்குக்கா" என்றான்.

பவுலின் வந்தது அதற்குப் பிறகு.
பத்தாவது எழுதியிருந்தாள்.
இடுப்பில் தம்பி, கையில் வெறுங்குடம்,
விரல்நுனியெல்லாம் நண்டு ஓடு கீறிய வெள்ளைக் கோடுகள்.
"எல்லா வகுப்புலயும் ஏதாச்சும் செய்யணுமாக்கா?"
"ஆமா."
"ஒண்ணும் செய்யாம இருக்குற வகுப்பு இல்லையா?"

சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.
ஐந்தாவது கட்டத்தில் பெயரைப் பதிந்து
'குறிப்பிடவும்' என்ற இடத்தில்
சும்மா
என்று எழுதினேன்.

ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள்.
ஒரு ரயில் பாலத்தைக் கடந்து முடிக்கும் மட்டும் பார்த்தாள்.
தம்பி என் மடியில் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருந்தான்.
ஐந்தரைக்குத் தண்ணி லாரியின் ஹாரன்.
குடத்தையும் தம்பியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டென்சியையும் கூட்டி வந்தாள்.
அப்புறம் கருவாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு பேர்,
அப்புறம் சதுரங்கத்தில் ராணியை இழந்த ஒருத்தி.
பேசுவார்கள். பேசாமலும் இருப்பார்கள்.
ஒரு பிள்ளை சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டது.
வருகை போட்டேன்.

பார்வையிட வந்த அதிகாரி பக்கத்தைப் புரட்டி நிறுத்தினார்.
"இதரவில் பதினொரு பேரா? பயிற்றுநர் யார்?"
ஜன்னலைக் காட்டினேன்.
வெளியே எட்டிப் பார்த்தார், கடலைத் தவிர யாருமில்லை.
"உபகரணம்?"
"பாய், சார். ரெண்டு."
குறித்துக்கொண்டார்.

ஆனி பிறக்கும்போது படகுகள் இறங்கின.
ரீகனுக்கு ஒருவழியாகப் பலகை கிடைத்தது.
எதிரே உட்கார ஆள் இல்லை,
தானே அடித்துத் தானே எதிராளியாக இடம் மாறுகிறான்.
நண்டு வரத்து தொடங்கிவிட்டது.
பவுலின் நான்கு நாளாக வரவில்லை.
சும்மா இருக்க வராதவளுக்கு
என்ன விடுப்புப் போடுவது?
பேனாவை மூடி வைத்தேன்.

ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும்.
அவள் இடத்தில் காலை நீட்டிப் பார்க்கிறேன்,
சுவர் இன்னும் வெயில் சூடாக இருக்கிறது.
மின்விசிறி செருமுகிறது.
மணி ஆறேகால்.